திரும்பிப் போகுமுன் ஒரு கணக்கு

தமிழ்நாட்டு டிடிபி சென்டர்கள் பலவற்றில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும். இன்டர்நெட் இணைப்பு கிடையாது, வைரஸ் வந்துவிடும் என்ற பயம். தூக்கிப் போடவும் மனம் வராது. காரணம், அதற்குள் பேஜ்மேக்கர் 7 இருக்கிறது. பேஜ்மேக்கருக்குள் இருபது வருடத்துப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக மலர்கள், சிற்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நின்றுபோகும் என்பது முதலாளிக்கும் தெரியும். ஆனால் நாளைக் காலை ஒருவருக்கு நூறு பக்கம் ப்ரூஃப் கொடுத்தாக வேண்டும். மாற்றம் தள்ளிப்போகிறது.

மாறத் தயாராக இருப்பவர்களுக்கு இப்போது ஒரு புதுக் கேள்வி. ஸ்க்ரைபஸ் என்றொரு இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆசையோடு அதை இறக்கி, தமிழை உள்ளே விட்டு, கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் சிதறி நின்றதைப் பார்த்து வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் உண்டு. அதன் 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வெளிவந்தது. தமிழ் இப்போது ஒழுங்காக நிற்கிறது. திரும்பிப் போகலாமா?

புனேயின் மேற்கு விளிம்பில் இருக்கும் ஹிஞ்சேவாடியில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இன்ஃபோசிஸ், விப்ரோ, டிசிஎஸ், காக்னிசன்ட் என்று பெரிய பெயர்களெல்லாம் கடை விரித்திருக்கும் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்கா அங்கேதான். வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்களும் அங்கே உண்டு. அவர்களில் பத்துப் பேர் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு மலர் கொண்டுவர நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி புதுக் கட்டுரைகள். மீதி, ஊரிலிருந்து பெரியவர்கள் அனுப்பிய பழைய கட்டுரைகள், எப்போதோ அச்சானபோது செய்த பேஜ்மேக்கர் கோப்புகளாக. இன்டிசைனுக்கு மாதச் சந்தா கட்டுவதா, ஸ்க்ரைபஸுக்குத் திரும்புவதா, சிவகாசியில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து பேஜ்மேக்கரிலேயே முடித்துவிடுவதா?

பத்துப் பேரும் புரோகிராம் எழுதிச் சம்பாதிப்பவர்கள். இருந்தாலும் பதில் சுலபத்தில் கிடைக்காது. ஏனென்றால் இது மென்பொருளின் புதிய வசதிகளை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடிய விஷயமாக இல்லை.

ஆங்கில வேடத்தில் தமிழ்

பேஜ்மேக்கர் 1985இல் பிறந்தது. பால் பிரெய்னர்ட் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸில் புத்தகம் அச்சிட்ட ஆல்டஸ் மனுஷியஸின் பெயரைத்தான் அந்த நிறுவனம் சூட்டிக்கொண்டது. முதலில் ஆப்பிள் மெக்கின்டாஷ், 1987இல் விண்டோஸ். ஈய எழுத்தைக் கோத்து, கட்டி, பாரம் பாரமாக அச்சிட்ட வேலையை ஒரு மேஜைக்கு இறக்கியது. 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற பெயரே அந்தச் சமயத்தில் வந்ததுதான். 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கிக்கொண்டது.

அந்த மென்பொருளுக்குத் தமிழ் என்ற மொழி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆங்கிலமும் ஐரோப்பிய மொழிகளும். அதனால் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொண்டால், திரையில் 'தமிழ்' என்று தெரியும். கம்ப்யூட்டரின் கணக்கில் அது ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது அதுதான்.

மனிதன் படிக்கத்தான் அச்சு என்பதால் யாரும் கவலைப்படவில்லை. தாளில் தமிழ் வந்தால் போதும். வந்தது, நன்றாகவே வந்தது. ஸ்ரீலிபி, வானவில், இளங்கோ என்று எழுத்துருத் தொகுப்புகள் பெருகின. விதவிதமான தலைப்பு எழுத்துகள் கிடைத்தன. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தொகுப்பும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை உட்கார வைத்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குழப்பம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. முயற்சி நல்லதுதான். அதற்குள் அச்சகங்கள் தங்கள் தங்கள் எழுத்துருக்களோடு குடித்தனம் பழகிவிட்டன.

புனேயிலிருந்து இரண்டு பாதைகள்

இந்தக் கதையின் இரண்டு முக்கியமான திருப்பங்கள் புனேயோடு சம்பந்தப்பட்டவை.

1988இல் மத்திய அரசு புனேயில் சிடாக் நிறுவனத்தைத் தொடங்கியது. சூப்பர் கம்ப்யூட்டர் செய்வதுதான் முதல் நோக்கம். கூடவே, கான்பூர் ஐஐடியில் உருவான 'ஜிஸ்ட்' என்ற இந்திய மொழித் தொழில்நுட்பமும் அங்கே வந்து சேர்ந்தது. அதன் அடிப்படையில் இருந்த இஸ்கி குறியீடு 1991இல் இந்தியத் தர நிர்ணயம் ஆனது. இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றித்தான் யூனிகோடு தன் இந்திய மொழிப் பகுதிகளை அமைத்துக்கொண்டது. இன்று செல்போனில் தமிழில் அனுப்பும் செய்தி ஒவ்வொன்றிலும் அந்த அமைப்பின் சாயல் இருக்கிறது.

இந்த வழியில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும். அவ்வளவுதான். இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால் என்று எழுதிக் காட்டுவது கம்ப்யூட்டரின் பொறுப்பு. உச்சரிப்பின் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படுகிறது. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும்தான்.

இரண்டாவது பாதையும் அதே ஊர். ஸ்ரீலிபியைத் தயாரித்த மாடுலர் இன்ஃபோடெக் புனே நிறுவனம். அவர்கள் வழி நடைமுறை வழி. பேஜ்மேக்கருக்குத் தமிழைச் சொல்லித்தர முடியாது, மராத்தியையும் சொல்லித்தர முடியாது. ஆகவே வடிவத்தை வடிவமாகவே அடுக்கு. 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. பார்க்கிற வரிசையிலேயே சேமிப்பு. உடனே வேலை நடந்தது. சிடாக்கே கூட டிடிபி வேலைக்கென்று 'இஸ்ஃபாக்' என்ற வடிவக் குறியீட்டைத் தரவேண்டியிருந்தது என்றால் பேஜ்மேக்கரின் பிடி எவ்வளவு பலமாக இருந்தது என்பது புரியும்.

அச்சகங்களில் இரண்டாவது பாதை ஜெயித்தது. செல்போனிலும் இன்டர்நெட்டிலும் முதல் பாதை ஜெயித்தது. இடையில் மாட்டிக்கொண்டது தமிழ்ப் புத்தகம்.

காணாமல் போன திருத்தங்கள்

விண்டோஸ் 2000 வந்தபோதே கம்ப்யூட்டரில் யூனிகோடு தமிழ் சாத்தியமாகிவிட்டது. பேஜ்மேக்கருக்கு அது கடைசிவரை சாத்தியப்படவில்லை. 2001இல் வந்த 7.0தான் இறுதிப் பதிப்பு. அதற்கு இரண்டு வருடம் முன்பே அடோபி, இன்டிசைனை இறக்கிவிட்டது. ஆனால் இன்டிசைனுக்கும் தமிழின் கொம்பும் காலும் வெகுகாலம் பிடிபடவில்லை. 2012இல் சிஎஸ்6 பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கு முறையான வசதி வந்தது. அதே வருடம் வந்த ஸ்க்ரைபஸ் 1.4இல் அதுவும் இல்லை. அதை அப்போது கைவிட்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சொல்லவே முடியாது.

2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடையும் அதோடு டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டையும் அங்கீகரித்தது. யூனிகோடு தமிழைச் சரியாகக் காட்டாத மென்பொருள்களில் பயன்படட்டும் என்பது இரண்டாவதை ஏற்றதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பன்னிரண்டு வருட இடைவெளி. அந்த இடைவெளியில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். எழுத்தாளர் யூனிகோடில் அடித்து மின்னஞ்சலில் அனுப்புகிறார். டிடிபி சென்டரில் அதை ஒரு மாற்றியில் போட்டு ஸ்ரீலிபிக்கோ டாபுக்கோ மாற்றுகிறார்கள். பக்கம் அமைக்கிறார்கள். ப்ரூஃப் போகிறது. எழுத்தாளரும் பிழை திருத்துபவரும் சிவப்பு மையால் திருத்துகிறார்கள். ஆபரேட்டர் அதைப் பேஜ்மேக்கரில் ஏற்றுகிறார். இரண்டாம் ப்ரூஃப், மூன்றாம் ப்ரூஃப். புத்தகம் வெளிவருகிறது.

இப்போது திருத்தப்பட்ட, முழுமையான பிரதி எங்கே இருக்கிறது? பேஜ்மேக்கர் கோப்பில், ஆங்கில வேடத்தில். எழுத்தாளரிடம் இருப்பது ஒரு திருத்தமும் ஏறாத முதல் பிரதி. பத்து வருடம் கழித்து இரண்டாம் பதிப்போ மின்னூலோ போடும்போது எழுத்தாளரின் பிரதியை எடுத்தால் பழைய பிழைகள் எல்லாம் திரும்பி வரும். பேஜ்மேக்கர் பிரதியை எடுத்தால் மறுபடி மாற்ற வேண்டும், மாற்றும்போது புதுப் பிழைகள் வரும். ஒரு காலகட்டத்துத் தமிழ்ப் பதிப்பின் உழைப்பு முழுவதும், குறிப்பாகப் பிழை திருத்துபவர்களின் உழைப்பு, இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறது.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை அமல்படுத்தியபோது அச்சகங்கள் பழைய ணை, லை, னை அச்சுகளை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்க வேண்டியிருந்தது. செலவுதான். ஆனால் பழைய புத்தகத்தை எடுத்துப் படிப்பதில் யாருக்கும் தடை வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் பழகின. கம்ப்யூட்டருக்கு அந்தத் தாராளம் கிடையாது.

திரும்பப் போனால் என்ன கிடைக்கும்?

ஃப்ரான்ஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர் 2001இல் தொடங்கியது ஸ்க்ரைபஸ். மூல நிரல் யாருக்கும் திறந்தே இருக்கும். நான்கு வண்ணப் பிரிப்பு, அச்சகத்துக்கு ஏற்ற பிடிஎஃப் என்று ஆஃப்செட் தேவைகளை ஆரம்பத்திலிருந்தே கவனித்தது. அதன் பெரிய குறை ஆசிய எழுத்துகள். ஓமானைச் சேர்ந்த ஒரு திறமூலக் குழு அரபி மொழிக்காக அதன் எழுத்து அமைக்கும் பகுதியைத் திருத்தி எழுத முன்வந்தது. அந்த வேலை 2017இல் 1.5.3 சோதனைப் பதிப்பில் இடம்பெற்றது. அரபிக்காக வெட்டிய வாய்க்காலில் இந்திய மொழிகளுக்கும் தண்ணீர் வந்தது. 1.6 அந்த வேலையின் நிலையான வடிவம்.

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மலையாள நாளேடு 'ஜனயுகம்'. மலையாளத்துக்கும் தமிழின் அதே வியாதிதான். பேஜ்மேக்கர், வேடமிட்ட எழுத்துருக்கள். இன்டிசைனுக்கு மாறச் செலவு கட்டுப்படியாகவில்லை. 2019இல் அந்தப் பத்திரிகை ஸ்க்ரைபஸுக்கும், ஜிம்ப், இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள்களுக்கும், லினக்ஸுக்கும் மாறியது. குபுண்டுவை வைத்துத் தங்களுக்கென்று ஓர் இயங்குதளத்தையே அமைத்துக்கொண்டார்கள். ரச்சனா அச்சுக்கலை நிறுவனத்தாரின் யூனிகோடு எழுத்துருக்கள் கைகொடுத்தன. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் ராத்திரி குறித்த நேரத்தில் பக்கம் முடித்தாக வேண்டிய ஒரு நாளேட்டால் முடிந்திருக்கிறது என்றால், வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறவர்களுக்கு முடியாது என்று சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த உதாரணத்தைப் பாதியாகப் படிக்கக்கூடாது. மென்பொருள் இலவசம், மாற்றம் இலவசமாக இருக்கவில்லை. எழுத்துரு செய்தவர்கள், கோளாறுகளைச் சரிசெய்த நிரலாளர்கள், பயிற்சி கொடுத்தவர்கள் என்று ஒரு கூட்டமே உழைத்தது. தமிழில் மாறப் புறப்படும் ஒரு சின்னப் பதிப்பாளருக்கு அப்படி ஒரு கூட்டம் பக்கத்தில் இல்லை.

இன்டிசைன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பக்கம் அழகாக வருகிறது. தெரிந்த ஆட்கள் கிடைக்கிறார்கள். அச்சகங்களுக்குப் பழக்கம். ஆனால் 2013இலிருந்து புதிய பதிப்புகள் சந்தாவில்தான். சந்தா நின்றால் சொந்தக் கோப்பைத் திறக்கவும் வழி நின்றுவிடும். பேஜ்மேக்கர் கோப்புகளை நேரே திறந்த கடைசிப் பதிப்பு சிஎஸ்6. அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. 2023 ஜனவரியோடு டைப் 1 எழுத்துருக்களுக்கும் அடோபி விடைகொடுத்துவிட்டது. தொண்ணூறுகளில் காசு கொடுத்து வாங்கிய அந்த வகைத் தமிழ் எழுத்துருக்களுக்குப் புதிய இன்டிசைனில் இடமில்லை. இந்தப் பழக்கம் அடோபியோடு முடிவதும் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் பப்ளிஷர் மென்பொருளுக்கு 2026 அக்டோபரைக் கடைசித் தேதியாக அறிவித்தது.

ஸ்க்ரைபஸிலும் ஒருவழிக் கதவு உண்டு. 1.6இல் சேமித்த கோப்பு 1.4இல் திறக்காது. நீளமான புத்தகங்களில் வேகம் குறையும். நாவல் போடுகிறவர்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பேஜ்மேக்கர் கோப்புகளை ஓரளவு திறந்து காட்டும், ஆனால் உள்ளே இருப்பது அதே வேட எழுத்துதான். வேடத்தைக் கலைக்கும் வேலையை எந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளும் செய்து தராது.

ஔவையைத் தேடினால்

ஆகவே மலர்க் குழு முதலில் செய்யவேண்டியது மென்பொருளை இறக்குவதல்ல. ஊரிலிருந்து வந்த பழைய கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு பக்கத்தைப் பரீட்சை செய்து பார்ப்பது.

எந்த எழுத்துருவில் அடித்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கேற்ற மாற்றியில் போட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒரு மாற்றியையும் யூனிகோடு எழுத்துருக்களையும் இலவசமாகத் தருகிறது. சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் மாற்றியும் இருக்கிறது. மாறி வந்ததை அச்சான பக்கத்தோடு ஒப்பிட்டு, வரி வரியாகப் படிக்க வேண்டும்.

மாட்டும் இடங்கள் அநேகமாக இவை. முதலாவது, ஆங்கிலச் சொற்கள். வேட எழுத்துருவில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே இருப்பிடம். எந்தச் சொல் உண்மையிலேயே ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. கட்டுரையில் இருந்த ஆங்கிலப் புத்தகத் தலைப்பு அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் கூட்டமாக வெளிவரும்.

இரண்டாவது, கைக்கோடுகள். தமிழ்ச் சொல் நீளம். குறுகிய பத்தியில் சொல் அடங்காதபோது ஆபரேட்டர் தானே நடுவில் ஒரு சிறு கோடு போட்டு உடைப்பார். பேஜ்மேக்கரின் தானியங்கி உடைப்பை நம்பினால் அது ஆங்கில விதிப்படி உடைத்து, கொம்பை ஒரு வரியிலும் எழுத்தை மறு வரியிலும் விட்டுவிடும். புதிய பக்கத்தில் வரிகள் இடம் மாறும்போது அந்தக் கைக்கோடுகள் எல்லாம் வரிக்கு நடுவே வந்து நிற்கும். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். 'ஔ' என்பது ஒரே எழுத்து. ஆனால் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டாலும் பார்வைக்கு அப்படியே இருக்கும். பழைய பிரதிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. 'கௌ' என்பதற்குக் கொம்பு, ககரம், ளகரம் என்று அடித்ததும் அதே ரகம். தாளில் பிழை தெரியாது. மின்னூலில் ஔவையாரைத் தேடினால் கிழவி கிடைக்கமாட்டாள். 'ஸ்ரீ' இன்னொரு வில்லங்கம். யூனிகோடிலேயே அதை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்திருந்தால் அகர வரிசைச் சுட்டி தாறுமாறாகும்.

இந்த ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை மொத்தப் பழைய பக்கங்களால் பெருக்க வேண்டும். அதுதான் மாறுவதற்கான உண்மையான விலை. இன்டிசைனுக்குப் போனாலும் ஸ்க்ரைபஸுக்குத் திரும்பினாலும் அந்த விலை ஒன்றே. மென்பொருளின் சந்தா அதற்கு மேல் வரும் தனிச் செலவு.

பிறகு, மாற்றித் திருத்திய பக்கத்தை ஸ்க்ரைபஸில் வைத்து நாலு விஷயம் பார்க்கலாம். உயிர்மெய்கள் உடையாமல் நிற்கின்றனவா? இரு பக்கமும் சமன் செய்த பத்தியில் சொல் இடைவெளி பல்லிளிக்கிறதா? தலைப்புக்கு மனசுக்குப் பிடித்த யூனிகோடு எழுத்துரு கிடைக்கிறதா? கடைசியாக, பிடிஎஃப் ஆக்கி அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா? மூன்றாவது கேள்வியில் பழைய வடிவமைப்பாளர்கள் முணுமுணுப்பார்கள். வேட எழுத்துருக் காலத்தில் இருந்த அலங்கார வகைகள் பலவும் யூனிகோடில் இல்லை என்பது உண்மைதான். அந்த ஏக்கத்தை அலட்சியம் செய்யக்கூடாது. அட்டையைப் பார்த்துத்தான் வாசகர் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்.

போகாமல் இருப்பவர்களின் நியாயம்

பேஜ்மேக்கரை விடாதவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்களில் பலருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில் பழகிய விரல்கள். குறுக்கு விசைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரும். புது மென்பொருளில் முதல் சில மாதங்கள் வேகம் பாதியாகும், கூலியும் பாதியாகும். அந்த நஷ்டத்தைப் பதிப்பாளர் ஏற்கிறாரா, எழுத்தாளர் ஏற்கிறாரா? பெரும்பாலும் அது ஆபரேட்டரின் தலையில்தான் விழுகிறது. மாற்றத்தைச் சிபாரிசு செய்கிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. எழுதினால்தான் மாற்றம் நடக்கும்.

புனேயின் மராத்தி அச்சகங்களுக்கும் இந்தப் பாடு புதிதில்லை. 1909இல் 'மனோரஞ்சன்' பத்திரிகை தொடங்கிவைத்த தீபாவளி மலர் மரபு மராத்தியில் இன்றும் நடக்கிறது. தேவநாகரியும் அதே ஸ்ரீலிபி வேடத்தில் பேஜ்மேக்கருக்குள் போன எழுத்துதான். ஹிஞ்சேவாடித் தமிழ்க் குழு அனுபவம் கேட்டு எங்கோ அலைய வேண்டியதில்லை. நகருக்குள் போய் ஒரு மராத்தி மலர் தயாரிப்பாளரோடு டீ குடித்தால் போதும். சந்தேகங்கள் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றே.

சரியாகச் செய்தவர்களும் தமிழிலேயே இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். முதலில் டிஸ்கி குறியீடு. யூனிகோடு வேரூன்றியதும் நூல்களை அதற்கு மாற்றினார்கள். அவர்களால் முடிந்ததன் காரணம் எளியது. பக்க அலங்காரத்தோடு பிணைக்காமல், உரையை உரையாகவே வைத்திருந்தார்கள். குறியீடு என்ன என்பதும் தெரிந்திருந்தது. திருத்தங்கள் உரையிலேயே ஏறியிருந்தன.

மலர்க் குழு எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் இதுதான். பக்க வடிவமைப்பு எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் நடக்கட்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் அலங்காரம் இல்லாத யூனிகோடு பிரதி ஒன்று தனியாக இருக்க வேண்டும். ப்ரூஃபில் செய்த கடைசித் திருத்தம்வரை அதிலும் ஏற வேண்டும். மலர் அச்சானதும் அந்தப் பிரதி எழுத்தாளருக்குப் போக வேண்டும். இதைச் செய்கிற குழு ஸ்க்ரைபஸுக்குத் தைரியமாகத் திரும்பலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வெளியே வரலாம், கையில் உரை இருக்கும். இதைச் செய்யாத குழு எங்கே போனாலும் இருபது வருடம் கழித்து இதே கேள்வியைத் தன் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும்.

வருடம் ஒரு மலர், கையில் நிரல் தெரிந்த ஆட்கள், சந்தா கட்டப் பணம் குறைவு என்ற நிலையில் 1.6க்குத் திரும்புவது நியாயமான முடிவே. மாதம் பத்துப் புத்தகம் போடுகிற பதிப்பகத்துக்குக் கணக்கு வேறு. அவர்கள் ஒரு புத்தகத்தை மட்டும் புதிய வழியில் செய்து, ஆபரேட்டருக்குப் பழைய வேகத்தின் கூலியையே கொடுத்து, முடிவைப் பார்த்துவிட்டு நகர்வது உத்தமம்.

இரண்டு தரப்புக்கும் ஒரு வேண்டுகோள் பொது. மென்பொருளில் மிச்சம் பிடிக்கிற பணம் அட்டைக்கோ ஆர்ட் பேப்பருக்கோ போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஔவையை ஔவையாகவே திருத்தித் தரும் பிழை திருத்துபவருக்குப் பட்ஜெட்டில் ஒரு வரி எழுதி, அவருடைய தொகையை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.